நவாபின் வலது காது

மொர்ஜினாவின் கிடாவுக்கு இரண்டு காதுகள் இருந்தன. பொற்கொம்பு சங்கத்தின் பதிவேடுகளைப் படிப்பவர்களுக்கு இதில் சந்தேகம் வரக்கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டியாக அதைச் சந்தையிலிருந்து வாங்கி வந்த அன்று என் முற்றத்தில்தான் இறக்கினார்கள். கறுப்பாக, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுவென்று, இரண்டு முழுக் காதுகளோடு நின்றது. நான் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன்.

என் பெயர் ஷாஹெரா. குமாரிடாங்கா கிராமத்தில், ஏழைப் பெண்களுக்கு ஆடு வாங்கக் கடன் கொடுக்கும் பொற்கொம்பு சங்கத்தின் மையத் தலைவி நான். தலைவி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் முற்றத்தில் ஒரு பலாமரமும் முப்பது பெண்கள் உட்காரும் அளவுக்கு நிழலும் இருந்தன, ஆகவே என்னைத் தலைவி ஆக்கினார்கள். பாய் விரிப்பது, வருகைப் பதிவில் கைநாட்டு வாங்குவது, காதில் அடையாள வில்லை குத்தும்போது ஆட்டின் கால்களைப் பிடித்துக்கொள்வது, இவை என் பொறுப்புகள். முதல் இரண்டைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குச் சங்க அலுவலர் தௌஹித் சார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். நாங்கள் ஐந்தைந்து பேராக எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, ஏழு உறுதிமொழிகள் சொல்ல வேண்டும். ‘என் ஆட்டை என் பிள்ளையைப்போல் வளர்ப்பேன்’ என்பது முதலாவது. ‘வில்லை இல்லாத ஆடு என் வீட்டில் இருக்காது’ என்பது மூன்றாவது. மீதி ஐந்தும் தவணையைத் தவறமாட்டேன் என்பதையே ஐந்து விதமாகச் சொல்பவை.

கடைசி வரிசையில் நிற்கும் ஓலிமோன் சாச்சி வாய் சும்மா இருக்காதவள்.

“புள்ளை மாதிரி வளக்கச் சொல்றீங்க. என் புள்ளைக்கு எவனும் காதுல நம்பர் குத்தலையே சார்?”

“அமைதி, அமைதி,” என்பார் தௌஹித் சார். பிறகு குறிப்பேட்டில் ‘உறுப்பினர்கள் ஆர்வத்துடன் கேள்வி எழுப்பினர்’ என்று எழுதிக்கொள்வார்.

மொர்ஜினா அப்படிக் கேள்வி கேட்பவள் அல்ல. உறுதிமொழியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், சொன்னதைச் செய்யவும் செய்வாள். அவள் கணவன் பாதேர் டாக்கா பக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்கிறான், ஆண்டுக்கு இரண்டு தடவை வருவான். இரண்டு பெண் குழந்தைகள். வைக்கோல் கூரை. போன மழையில் அந்த வீட்டில் ஒழுகாத மூலை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

அந்த மூலையில் மூங்கிலால் ஒரு பரண் கட்டி, அதில் கிடாவை ஏற்றினாள். குழந்தைகளை ஒழுகும் பக்கம் படுக்க வைத்தாள். கேட்டால், “இவன்தான் பூபு எங்க கூரை,” என்பாள்; பூபு என்றால் அக்கா. கணக்கு சரியானதுதான். குர்பானி ஈத் என்கிற பக்ரீத் அந்த வருஷம் ஆஷாட மாத மழைக்குச் சற்று முன்னால் வந்தது. ஈத்துக்கு முந்தைய வாரம் நல்ல கிடாவுக்குக் கசாப்புக்கடை விலையைப்போல இரண்டு பங்கு கொடுப்பார்கள். விற்றால் கடனும் தீரும், பதினாறு தகரத்தகடும் வாங்கலாம். பஜார் தகரக்கடையில் போய்த் தகடுகளைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டே வந்தாள். கடைக்காரரும் நல்ல மனுஷன், ஒவ்வொன்றிலும் அவள் பெயரைச் சாக்கட்டியால் எழுதி ஓரமாகச் சாய்த்துவைத்தார்.

கிடாவுக்கு நவாப் என்று பெயர் வைத்தாள். என் பலாமரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் இலை மிஞ்சவில்லை.

முதல் வில்லை மஞ்சள். கடன் பிரிவுக்காக. தௌஹித் சார் இடுக்கியை எடுத்ததும் மொர்ஜினா முதல்முறையாகக் கேள்வி கேட்டாள்.

“சார், இவனைக் குர்பானிக்குத்தான் வளக்கிறேன். காதுல பழுது இருந்தா வாங்கமாட்டாங்களே?”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா? நம்ம பயிற்சிப் புத்தகத்தில பதினாலாம் பக்கமே அதைப் பத்திதான். ‘ஈத் சந்தைக்கு ஆட்டை ஊனமில்லாமல் வளர்ப்பது எப்படி.’ இது சின்ன ஓட்டை. ஓட்டையால குர்பானி கெடாது, நான் விசாரிச்சுட்டேன். பிடிங்க தலைவி.”

நான் பிடித்தேன். க்ளிக் என்றது. நவாப் ஒரே ஒரு தடவை கத்தினான். மொர்ஜினா மஞ்சளை அரைத்துக் காதில் பூசினாள்.

இரண்டு மாதம் கழித்துக் காப்பீட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் நீல வில்லையோடு வந்தார். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று காட்டினோம்.

“அது கடன் பிரிவு நம்பர். எங்க கம்ப்யூட்டர் அதை ஏத்துக்காது.”

“அப்ப இடது காதுல போடுங்களேன் சார். அது சும்மாதானே இருக்கு,” என்றாள் மொர்ஜினா.

அவர் அதிர்ந்துபோனார். “இடது காதா? அது எதிர்காலத் திட்டங்களுக்குன்னு ஒதுக்கினது. தலைமை அலுவலக அனுமதி இல்லாம யாரும் தொடக்கூடாது.”

சங்கத்தின் எல்லாக் கையேடுகளிலும் வலது காது என்றுதான் இருந்தது. முதல் கையேட்டைப் பார்த்துத்தான் மற்றவற்றை எழுதினார்கள்.

நீலம் குத்திய இடத்தில் ஈ மொய்த்துச் சீழ் வைத்தது. சங்கத்தின் நலப் பிரிவுக்குச் சொல்லி அனுப்பினோம். பத்து நாள் கழித்துக் கால்நடை உதவியாளர் ஒருத்தி வந்தாள், ஆபா என்று கூப்பிடுவோம். சின்ன வயசு, அன்பான பெண். புண்ணைத் துடைத்து மருந்து போட்டாள். நவாபின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். பிறகு பையிலிருந்து பச்சை வில்லையை எடுத்தாள்.

“இது எதுக்கு ஆபா?”

“சிகிச்சை எடுத்த ஆட்டுக்குப் பச்சை வில்லை போடணும்.”

“வில்லை போட்டதாலதானே புண்ணு!”

“ஆமா. அதைத்தான் நாங்க பதிவு பண்றோம்.”

அவள் முகத்தில் கேலி இல்லை. எனக்கே ஒரு நிமிஷம் அது சரியென்று பட்டது. கால்களைப் பிடித்தேன்.

நான்காவது வில்லை டாக்கா தலைமை அலுவலகத்திலிருந்து நேராக வந்தது. தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று, உள்ளே ஏதோ கருவி. ஆடு எங்கே இருக்கிறது, மேய்கிறதா, படுத்திருக்கிறதா என்று வானத்தில் சுற்றும் எதுவோ பார்த்து டாக்காவுக்குச் சொல்லும். எங்கள் மாவட்டத்திலேயே நான்கு வில்லையும் உள்ள ஒரே ஆடு நவாப்தான். கிளை மேலாளர் ஷம்சுல் ஹுதா சாஹேபே நேரில் வந்து, பலாமரத்தடியில் நின்று, அரை மணி நேரம் பேசினார்.

“சகோதரிகளே! நேத்து வரைக்கும் இந்த ஆட்டை மொர்ஜினாவுக்கு மட்டும்தான் தெரியும். இன்னிக்கு உலகத்துக்கே தெரியும். ஆடு வளக்கறது லேசு, எவரும் வளத்துடலாம். அதைக் கண்காணிக்கிறதுதான் வளர்ச்சி. ஒரு ஆட்டை நாலு பிரிவு பாத்துக்குது, அந்த நாலு பிரிவில நாப்பது பேருக்கு வேலை. ஒரு ஏழைப் பெண்ணோட ஆடு நாப்பது குடும்பத்துக்குச் சோறு போடுது! இதைவிட வேற என்ன சாதனை வேணும்?”

நாங்கள் கைதட்டினோம். கைதட்டுவது எட்டாவது உறுதிமொழி, யாரும் எழுதிவைக்காதது.

“நாப்பது குடும்பமும் சாப்பிடுது, அது காதைத் தூக்க முடியாம நிக்குது,” என்று ஓலிமோன் சாச்சி முணுமுணுத்தாள். உண்மைதான். நவாப் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தேதான் நடந்தான்.

ஈத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அது நடந்தது. சணல்குச்சி வேலியின் இடுக்கில் இருந்த பூசணிக்கொடிக்குத் தலையை நீட்டினான். கறுப்பு வில்லை மூங்கிலில் மாட்டிக்கொண்டது. பயந்து ஒரே இழுப்பாக இழுத்தான். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது நவாப் தலையெல்லாம் இரத்தமாக நின்றிருந்தான். மொர்ஜினா அவனைக் கவனிக்காமல் வேலியடியில் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“என்னடி தேடுறே?”

“வில்லை பூபு! நாலு வில்லை! தொலைச்சா அபராதம்!”

கிடைத்தது. நான்கு வில்லைகளும் ஒன்றுகூடக் கழலாமல் பத்திரமாக இருந்தன, காதின் துண்டோடு.

மூன்றாம் நாள் லோக்மான் மாஸ்டர் வந்தார். முன்பே வந்து பார்த்து, விலை பேசி, மற்ற யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லிப் போனவர் அவர்தான். பல்லைப் பார்த்தார், முதுகைத் தட்டினார், நடக்கவிட்டுப் பார்த்தார். கடைசியில் மொர்ஜினா காதின் மேல் போட்டிருந்த துணியை விலக்கினார். பிறகு, “இமாமைக் கேட்டுடுவோம்,” என்றார்.

இமாம் வந்தார். பலாமரத்தின் மேல்கிளையிலிருந்து ஒரு கொத்து இலையைப் பறிக்கச் சொல்லி, ஒன்றை நவாபின் இடது காதில் வைத்து, அதே அளவுக்கு நகத்தால் கிள்ளி எடுத்தார். அந்த இலையைச் சரியாக மூன்றாக மடித்துப் பிரித்தார். பிறகு அதை வலது காதின் மேல் வைத்துப் பார்த்தார். முதல் மடிப்பைத் தாண்டி இன்னும் ஒரு விரற்கடை இலை வெறும் காற்றில் நின்றது.

“மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடுச்சு, மகளே. குர்பானிக்கு ஆகாது.”

“இன்னொருக்க அளந்து பாருங்க ஹுஜூர். இலை பெருசோ என்னமோ.”

அவர் வேறோர் இலையை எடுத்து மறுபடி அளந்தார். நல்ல மனிதர். மூன்றாவது இலையையும் அவராகவே எடுத்தார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

கசாப்புக்காரனுக்காவது கொடுத்துவிடலாம், கடன் தீரும், தகரம் பாதியாவது வரும் என்றேன். “கொடுத்துடலாம் பூபு. ஆனா அபராதம் போடாம இருக்க, வில்லையை மொதல்ல ஒப்படைச்சுடுவோம்,” என்றாள் மொர்ஜினா. இதைவிட ஒழுங்கான உறுப்பினர் எந்தச் சங்கத்துக்கும் கிடைக்கமாட்டாள். காதுத் துண்டை உப்புப் போட்டு வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். இருவரும் கிளை அலுவலகத்துக்குப் போனோம்.

தவறு அங்கேதான் நடந்தது. கூட இருந்தும் நான் தடுக்கவில்லை. காப்பீட்டுச் சட்டப்படி, ஆடு செத்துவிட்டால் அதற்குச் சாட்சி வில்லையோடு கூடிய காது. அதை வெட்டி எடுத்துவந்து ஒப்படைத்தால்தான் செத்ததாக ஒப்புக்கொள்வார்கள். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். மொர்ஜினா வாழையிலையைப் பிரித்து மேசையில் வைத்ததும் எழுத்தரின் முகம் மலர்ந்தது.

“நாலு வில்லையும் இருக்கு! இவ்வளவு சுத்தமா யாரும் கொண்டுவந்ததில்லம்மா.” முத்திரையை எடுத்து நச்சென்று குத்தினார். “ஆடு இறந்தது.”

“சார், சாகலை. உசுரோட இருக்கு. வீட்டில நிக்குது.”

எழுத்தர் காதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “காது இங்க இருக்கே?”

“கிழிஞ்சு போச்சு சார். ஆடு அங்க இருக்கு.”

“முத்திரை குத்தியாச்சேம்மா!”

விஷயம் ஹுதா சாஹேபிடம் போனது. அவர் தேநீர் வரவழைத்தார், தனக்கு மட்டும். கடன் பிரிவின் ஏட்டைப் பார்த்தார்கள்: ஆடு உயிருடன் இருக்கிறது, தவணை பாக்கி. காப்பீட்டுப் பிரிவில்: இறந்தது. நலப் பிரிவில்: சிகிச்சையில் உள்ளது. கடைசியாக டாக்காவின் திரையைத் திறந்தார்கள். அதில் நவாப் ஒரு பச்சைப் புள்ளியாக மின்னிக்கொண்டிருந்தான், சரியாகக் கிளை அலுவலகத்துக்குள், ஹுதா சாஹேபின் மேசை மேல்.

“ஆடு இங்கதான் இருக்கு,” என்றார் எழுத்தர் பயபக்தியோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. மொர்ஜினாவைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“சார், நான் ஒண்ணும் கேக்கலை,” என்றாள் அவள். “கசாப்புக்காரன் கேட்ட விலைக்கு அவனைக் கொடுத்துடறேன். கடனைக் கட்டிடறேன். மழைக்கு முந்தி ஏதோ நாலு தகடு போட்டுக்கறேன்.”

ஹுதா சாஹேப் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கோபப்படவில்லை. இப்படிப்பட்டவர்கள் ஒருபோதும் கோபப்படுவதில்லை.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுது, சகோதரி. ஆனா எந்த ஆட்டை விப்பீங்க? செத்த ஆட்டை வித்தா அது மோசடி. சிகிச்சையில இருக்கிற ஆட்டை வித்தா அது குத்தம். என் மேசை மேல நிக்கிற ஆட்டை விக்கறதுக்கு நான்தான் கையெழுத்துப் போடணும், ஆனா ஆட்டை நான் இன்னும் பாக்கலை. உங்களை நான் நம்பறேன். ஏழைங்க பொய் சொல்லமாட்டாங்கன்னு நம்பித்தான் இந்தச் சங்கமே நடக்குது. அதனாலதான் விசாரணைக் குழு வைக்கிறோம். அது முடியற வரைக்கும் ஆட்டை விக்கக்கூடாது, அறுக்கக்கூடாது, ஊரைவிட்டு வெளிய கொண்டுபோகக்கூடாது.”

“குழு எப்ப சார் வரும்?”

“ஈத் விடுமுறை முடிஞ்சதும் முதல் வேலையா இதுதான்.”

கள்ளத்தனமாக விற்றுவிடு என்று ஓலிமோன் சாச்சி தினமும் வந்து சொன்னாள். ஆனால் மொர்ஜினா விற்றால், அவளோடு சேர்ந்து கடன் வாங்கிய ஐவர் குழுவின் மற்ற நான்கு பெண்களுக்கும் கடன் நின்றுபோகும். அதில் ஒருத்தி நான். விற்றுவிடு என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஈத் வந்தது. பாதேரும் வந்தான். ஊரெல்லாம் ஆடும் மாடும் அறுபட, மொர்ஜினாவின் முற்றத்தில் நவாப் நின்றபடி பலா இலையை மென்றுகொண்டிருந்தான். ஏழைகளின் பங்காக மூன்று வீடுகளிலிருந்து அவளுக்கு இறைச்சி வந்தது. லோக்மான் மாஸ்டர் வீட்டுப் பங்கு கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

பாதேர் இறைச்சிச் சட்டியையும் பார்த்தான், கிடாவையும் பார்த்தான். “இந்த வீட்டில இவன் ஒருத்தனுக்குத்தான் பெருநாள்,” என்றான். மறுநாளே சூளைக்குத் திரும்பினான்.

அந்த வாரக் கடைசியில் மழை பிடித்தது. தகரக்கடைக்காரர் ஆள் சொல்லி அனுப்பினார். கேட்டு வருகிறவர்களிடம் இனியும் இல்லையென்று சொல்ல முடியவில்லை, சாக்கட்டியை அழித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளச் சொல் என்று.

குழு வந்தது, ஈத் முடிந்து இருபத்திரண்டாம் நாள், கொட்டும் மழையில். ஹுதா சாஹேப், தௌஹித் சார், காப்பீட்டு எழுத்தர். மூன்று பேரும் மொர்ஜினாவின் வீட்டுக்குள் ஒதுங்கினார்கள். கூரை எட்டு இடத்தில் ஒழுகியது. ஒழுகாத மூலையில் பரண் மேல் நவாப் இருந்தான். கோப்பு நனைகிறது என்று எழுத்தர் கத்தவே, நவாபை இறக்கிவிட்டுப் பரண் மேல் கோப்பை வைத்தார்கள். சொட்டுத் தெறிக்காமல் இருக்க மொர்ஜினா அதன் மேல் குடை பிடித்தாள். குழந்தைகள் வாசற்படியில் நனைந்துகொண்டு நின்றன.

குழு நவாபைச் சுற்றி வந்தது. வாயைத் திறந்து பார்த்தது. கிழிந்த காதை நிமிர்த்திப் பார்த்தது.

“வில்லை எங்க?” என்றார் ஹுதா சாஹேப்.

“உங்க ஆபீஸ்லதான் சார் ஒப்படைச்சேன்.”

“அது செத்த ஆட்டோட வில்லை. இந்த ஆட்டுக்கு?”

“ரெண்டும் ஒரே ஆடு சார்.”

“அதுக்கு என்ன ஆதாரம்?”

மொர்ஜினா நவாப் என்று கூப்பிட்டாள். அவன் வந்து அவள் இடுப்பில் தலையை முட்டினான். எழுத்தர் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்தில் தேடிப் பார்த்துவிட்டு எழுதாமல் விட்டார்.

கால் மணி நேரத்தில் முடிவு தயாரானது. மொர்ஜினாவின் ஆடு இறந்துவிட்டது. வேலியில் மாட்டி இறப்பது காப்பீட்டுப் பட்டியலில் உள்ள பதினெட்டு நோய்களில் ஒன்று அல்ல, ஆகவே பணம் கிடையாது, கடன் அப்படியே இருக்கும். இப்போது அவள் வீட்டில் நிற்பது பதிவு செய்யாத வேறோர் ஆடு. வில்லை இல்லாத ஆட்டை வைத்திருப்பது மூன்றாம் உறுதிமொழிக்கு விரோதம். ஆனால் அவளுடைய நன்னடத்தையைக் கருதி அபராதம் விதிக்கவில்லை.

“உடனே பதிவு பண்ணிடலாம்,” என்றார் ஹுதா சாஹேப். “வலது காதுல இடமில்லை, அது எனக்கும் தெரியுது. உங்களுக்காக டாக்காவுக்குப் பேசி விசேஷ அனுமதி வாங்கியிருக்கேன். நம்ம மாவட்டத்திலேயே முதல் தடவையா, இடது காது!”

தௌஹித் சார் பையைத் திறந்தார். உள்ளே மஞ்சளோடு நீலமும் பச்சையும் தெரிந்தன.

“சார், அடுத்த வருஷம் ஈத்துக்கு,” என்று ஆரம்பித்த மொர்ஜினா பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஒரு காதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன கிடாவுக்கு அடுத்த வருஷமும் ஈத் இல்லை என்பது அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். குடையை என் கையில் கொடுத்துவிட்டு, மண்தரையில் உட்கார்ந்து, நவாபின் இடது காதை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டாள்.

“கையை எடுங்கம்மா,” என்றார் தௌஹித் சார்.

அவள் எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பேச்சைக் கேட்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. மழை கூரை வழியாக அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஹுதா சாஹேப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் குடையை மடக்கி ஓரமாக வைத்தேன். “எடுத்துடுடி மொர்ஜினா,” என்றேன்.

அவள் கையை எடுத்தாள். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன்.